தமிழ் ஊர்ப்பெயர்களும் பிஎச்பி சரச் சார்புகளும்

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறிக்கும் 3 பைட் செலவாகும். பிஎச்பி சார்புகளின் விடைகள் மாறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

• நீளம்: ‘அரியலூர்’ என்ற பெயருக்கு ஸ்ட்ர்லென் தருவது 24, அது பைட் கணக்கு. எம்பி_ஸ்ட்ர்லென் குறிகளை எண்ணி 8 என்னும். கண்ணுக்குத் தெரியும் 5 எழுத்துகளைச் சரியாகச் சொல்வது கிராஃபீம்_ஸ்ட்ர்லென். இதற்கு இன்ட்ல் நீட்சி தேவை.

• வெட்டுதல்: முதல் 2 எழுத்துக்கு எம்பி_சப்ஸ்ட்ர் இகரக் குறியை விட்டு ‘அர’ தரும், கிராஃபீம்_சப்ஸ்ட்ர் ‘அரி’ தரும்.

• பிரித்தல்: ‘பெரம்பலூர்,அரியலூர்’ என்பதை எக்ஸ்ப்ளோடு காற்புள்ளியில் பிரித்து அணியாக்கும், இம்ப்ளோடு திரும்பச் சேர்க்கும்.

• சுத்தம்: ‘ 621704 ’ என முன்னும் பின்னும் இடைவெளியுடன் வரும் பின்கோடை ட்ரிம் சீராக்கும், ‘621 704’ என நடுவில் வந்தால் ஸ்ட்ர்_ரிப்ளேஸ் வேண்டும்.