கறுப்பனை வரைய உட்காரும்போது

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டரிடம் நல்ல பெயர் வாங்கி, லோயர், ஹையர் என்று அரசு ஓவியத் தேர்வுகளும் எழுதி, பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு என்று பென்சிலை விட்டுவிட்டவர்கள் திட்டக்குடி மாதிரி ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். நாற்பது, ஐம்பது வயதில் அந்தக் கை மறுபடி துறுதுறுக்கிறது. என்ன வரையலாம் என்று பார்த்தால், வாசலில் நாய் படுத்திருக்கிறது.

நல்ல தொடக்கம். பழத்தட்டு வரைந்தால் அந்த மாம்பழம்தானா என்று யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டு நாயை வரைந்தால் வீடே கூடி நின்று பார்க்கும். "நம்ம கறுப்பன்தான்!" என்றோ, "இது வேற ஏதோ நாய்" என்றோ சின்னப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பில் தேறுவதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

முதலில் பெயரைக் கேளுங்கள், இனத்தைப் பிறகு கேட்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதென்று அந்த நாயின் செயலையும், கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கல்தச்சனுக்குத் தான் செதுக்குவது யாரை என்று தெரிந்திருந்தது. நமக்கும் தெரிய வேண்டும். யாராவது ஒரு போட்டோவை நீட்டி "அண்ணே, இதைக் கொஞ்சம் வரைஞ்சு குடுங்க" என்றால், பெயர் என்ன, வயசு என்ன, எந்தக் காது மடியும், தழும்பு எங்கே இருக்கிறது, யார் குரலுக்கு ஓடிவரும் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். கேட்டதைத் தாளின் பின்பக்கம் குறித்துவையுங்கள். மடியும் காது வலதா இடதா என்பதில் பிசகினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

கையில் இருக்கும் பென்சிலைப் புரிந்துகொள்ளுங்கள். விருத்தாசலம் செராமிக் பேட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய போரில் இங்கிலாந்தின் நல்ல கிராஃபைட் பிரான்சுக்கு வராமல் நின்றது. நிக்கோலா ழாக் கோன்தே என்பவர் மட்டமான கிராஃபைட்டையே பொடித்து, களிமண்ணோடு குழைத்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை முறை அதுதான். பேட்டையில் மண்ணைக் குழைத்து அகல் விளக்கும் பொம்மையும் சுட்டெடுக்கிறவருக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண் கூடினால் எச்: கெட்டியான, வெளிறிய கோடு. கிராஃபைட் கூடினால் பி: மிருதுவான, கறுத்த கோடு. வெளிறிய பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் கறுப்பு வராது, தாள்தான் பள்ளமாகும். 2எச், எச்பி, 2பி, 4பி, 6பி ஆகிய ஐந்தும் போதும். திரும்ப வருகிறவர் முதல் சில வாரம் 2பி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பென்சிலை மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரே பென்சிலில் அழுத்தத்தை மாற்றக் கை பழகாது.

தாள் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய சார்ட் பேப்பர் இரண்டு தடவை அழித்தாலே நார் கிளம்பிவிடும்.

மத்தியான வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் எந்த நாயும் எழுந்து நடமாடாது. தண்ணீர்த் தொட்டி ஓரத்திலோ திண்ணை நிழலிலோ நீட்டிப் படுத்துக்கொள்ளும். நேரில் பார்த்து வரைய அதுதான் சமயம். நாய் தூங்கும்போதுகூடத் திரும்பிப் படுக்கும். அதனால் ஒரே தாளில் மூன்று நான்கு படங்களைத் தொடங்கி வையுங்கள். அது பழைய நிலைக்குத் திரும்பியதும் விட்ட இடத்தில் தொடரலாம். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 1990-களில் தன் இரண்டு டாக்ஸ்ஹுண்ட் நாய்களை, ஸ்டான்லியையும் பூட்ஜியையும், வரிசையாக வரைந்து தள்ளினார். அவை எப்போது எங்கே படுக்கும் என்று சொல்ல முடியாததால், வீட்டில் பல இடங்களில் வரைபொருள்களைத் தயாராக வைத்திருந்தார். உலகப் புகழ்பெற்றவரே நாயின் சௌகரியத்துக்குத்தான் வளைந்துகொடுத்தார். நேரில் வரைந்த இந்த அவசரப் படங்கள் அழகாக இருக்க வேண்டியதில்லை. விலா எலும்பு எங்கே முடிகிறது, தோள் எங்கே புடைக்கிறது என்று கை தெரிந்துகொள்வது இவற்றில்தான். போட்டோவை மட்டும் பார்த்து வரைகிறவருக்கு அது கிடைப்பதில்லை.

போட்டோ எடுக்கும்போது குனியுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் விழும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு ஊதிக் காதுகள் சிறுத்துவிடும். செல்போன் லென்ஸின் குணம் அது. நாயின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, ஆறேழு அடி தள்ளி, கொஞ்சம் ஜூம் வைத்து எடுங்கள். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு. ஃபிளாஷ் பட்டால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மினுங்கும், வரைய எதுவும் மிஞ்சாது. வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ரோமமெல்லாம் சேறாகக் கலங்கி வரும்.

கண்ணுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒரு முழு மாலையை இரண்டு கண்ணுக்குக் கொடுத்தாலும் தகும். மனிதக் கண்ணில் தெரிகிற அளவு வெள்ளை நாயின் கண்ணில் தெரியாது. விழியைச் சுற்றி வெள்ளை விட்டால் அது பயந்த நாயாகிவிடும், அல்லது நாய் முகத்தில் மனிதக் கண்ணாகிவிடும். மேல் இமையின் நிழல் விழியின் மேற்பகுதியில் விழுகிறது, அங்கேதான் பழுப்பு மிகக் கறுத்திருக்கும். கீழே வர வர அது வெளுத்து, கீழ் விளிம்பில் தேன் நிறத்துக்கு வரும். பென்சிலில் 6பி-யில் தொடங்கி எச்பி-யில் முடிகிற பயணம் அது. இமை ஓரம் மை தீட்டினாற்போல் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்கும் விழிக்கும் நடுவே கீழ்ப்பக்கம் நூல் அளவு ஈரக் கோடு ஒன்று ஓடும். அதை விட்டுவிட்டால் கண் உலர்ந்துபோகும். ஒளிப்புள்ளிக்கான வெள்ளையை ஆரம்பத்திலேயே தாளில் ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் ரப்பரால் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் சாம்பல் புள்ளிதான் வரும். ஜன்னலுக்கு எதிரே படுத்திருந்த நாயென்றால் அந்தப் புள்ளி வட்டமாக இருக்காது, ஜன்னல் கம்பியே தெரியும்.

கண்ணுக்கு மேலே உள்பக்கமாக ஒரு சிறு மேடு இருக்கும். புருவத்தின் உள்முனையைத் தூக்கும் தசை நாய்களிடம் நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களிடம் அது ஏறக்குறைய இல்லை என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சோற்றுத் தட்டைப் பார்த்துக் கெஞ்சும் அந்தப் பார்வை முழுக்க அந்த மேட்டில்தான் இருக்கிறது. அதன் நிழலை 2எச்-சில் மெல்லப் போடுங்கள்.

ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்த பிறகே கோடு போடுங்கள். மூக்குத்தண்டில் ஆரம்பித்து, இரு கண்ணுக்கு நடுவே மேலேறி, நெற்றியில் பிரிந்து காதுப் பக்கம் சாயும். கழுத்தில் கீழே இறங்கும். தனித்தாளில் அம்புக்குறி போட்டு ஒரு வரைபடம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் நாய்களில் இனத்துக்கு இனம் வேலை மாறும். சிப்பிப்பாறைக்கு ரோமம் ஒட்டிக் கிடக்கும். அதில் மயிர் மயிராக வரைவது வீண், எலும்பையும் தசையையும் வரைய வேண்டும். கோம்பைக்கு முகவாய் கறுத்திருக்கும். கன்னிக்குக் கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் காலிலும் பழுப்பு இருக்கும். அந்தப் பழுப்பு பென்சிலில் எந்தச் சாம்பல் என்பதை ஓரத்தில் தேய்த்துப் பார்த்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 2005-இல் தபால் தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் வெள்ளை நாய், மூக்கு இளஞ்சிவப்பு. வழக்கமாக நாய் மூக்கைக் கறுப்பாக்கும் கை அங்கேயும் தானாகக் கறுப்பாக்கிவிடும், நிதானம் தேவை. வெள்ளை நாய்க்குப் பின்னணியில்தான் பென்சில் ஓட வேண்டும். உடம்பில் நிழல் விழும் இடங்களைத் தவிர எல்லாம் தாளின் வெள்ளையே.

கறுப்பு நாயைக் கண்டு பயப்படாதீர்கள். கறுப்பன்களும் கறுப்பிகளும்தான் நம் தெருக்களில் அதிகம். கறுப்பு ரோமத்தில் வெயில் பட்டால் நீலம் கலந்த வெளிச்சப் பட்டைகள் விழும். முதலில் அந்தப் பட்டைகளின் வடிவத்தை வரைந்து, அவற்றை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கறுப்பாக்குங்கள். ஒரே அழுத்தாக அழுத்தாமல் அடுக்கடுக்காக ஏற்றுங்கள். அழுத்திய கிராஃபைட் பக்கவாட்டில் பார்த்தால் பளபளத்துக் கறுப்பையே கெடுக்கும். அடிக்கறுப்பு போதவில்லையென்றால் விழி, நாசித்துளை, வாயின் உள்பக்கம் மட்டும் கரிப் பென்சிலைத் தொடலாம்.

பாதியில் ஒரு தடவை காட்டுங்கள். செத்துப்போன நாயின் படம் கேட்டு வந்தவர்களிடம் இது கட்டாயம். வடிவமும் கண்ணும் முடிந்து ரோமம் தொடங்காத நிலையில் காட்டினால், "காது இன்னும் கொஞ்சம் தொங்கும்ங்க" என்பார்கள். அவர்கள் சொன்னால் மாற்றுங்கள், போட்டோவைக் காட்டி வாதம் பண்ணாதீர்கள். பத்து வருஷம் தடவிக்கொடுத்த கைக்குத் தெரிவது, ஒரு நொடி பார்த்த கேமராவுக்குத் தெரியாது. கூலியைப் படம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்; அழுகிறவரிடம் படத்தை நீட்டிக்கொண்டு காசு பேச நேரக்கூடாது.

செய்யக்கூடாதவை

சுற்றுக்கோடு போட்டு அடைக்காதீர்கள். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் பரீட்சைக்குப் பழகியவர்கள் விடவேண்டிய முதல் பழக்கம் இது. அந்தப் பயிற்சி கைக்கு உறுதி தந்தது, அதற்கு மாஸ்டர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குடத்துக்கும் வாளிக்கும் இருக்கிற விளிம்பு நாய்க்கு இல்லை. ரோமம் காற்றில் கரைகிறது. முதுகு வெயிலில் இருந்தால் அங்கே விளிம்பே தெரியாது, வயிற்றடியில் நிழலில் அழுத்தமாகத் தெரியும். ஒரே கனத்தில் கோடு சுற்றிவந்தால் நாய் தகரத்தில் வெட்டியதாகிவிடும்.

விரலால் தேய்க்காதீர்கள். நம் ஊர் வியர்வைக்கு இது பெரிய கேடு. விரலின் எண்ணெய் தாளில் ஏறிய இடத்தில் பிறகு பென்சில் பிடிக்காது. பேப்பர் ஸ்டம்போ மடித்த டிஷ்யூவோ போதும், அதுவும் அளவோடு. உள்ளங்கைக்கு அடியில் வெள்ளைத்தாள் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்போன் 'பென்சில் ஸ்கெட்ச்' ஃபில்டரோடு போட்டி போடாதீர்கள். அது காதுக்கும் கண்ணுக்கும் தரையில் கிடக்கும் செருப்புக்கும் ஒரே மரியாதை கொடுக்கும். எதை விடுவது என்று முடிவு செய்ய உங்களால்தான் முடியும். முகத்தை முழுதாக வரைந்து, உடம்பைப் பத்துப் பதினைந்து கோட்டில் விட்டுவிட்ட படம் பல நேரம் முழுப் படத்தைவிட உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மயிரையும் வரைந்தே தீருவேன் என்ற பிடிவாதத்தை நான் மெச்சமாட்டேன்.

மூக்கை வெறும் கறுப்பு முக்கோணமாக்காதீர்கள். நாயின் மூக்குத்தோலில் இருக்கும் வரிகள் நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனி. அவ்வளவையும் வரைய வேண்டாம்; மேல் விளிம்பில் ஈர வெளிச்சமும், நடுப்பிளவும், சில மேடுபள்ளங்களும் இருந்தால் போதும்.

டிரேஸ் எடுத்துத் தொடங்காதீர்கள். கட்டம் போட்டு வரைவதில் தவறில்லை. அதில் கண் அளக்கிறது. டிரேஸில் கண் சும்மா இருக்கும், திரும்ப வந்ததன் பயனே போய்விடும். கூகுளில் கிடைத்த யாரோ எடுத்த போட்டோவை வரைந்து விற்பதும் கூடாது.

பழைய நோட்டை எடுத்து வைத்து ஒப்பிடாதீர்கள். பதினைந்து வயதுக் கையின் வேகம் வராது. அப்போது இல்லாத பொறுமை இப்போது இருக்கிறது, நாய்ப் படத்துக்கு அதுதான் வேண்டும். கண்ணாடி போட வேண்டியிருந்தால் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது, படமும் விளக்கொளியில் கண்ணாடி மாதிரி மின்னும். ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயை மொட்டைமாடியில், நாய் பக்கத்தில் இல்லாதபோது, மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே வேண்டாம், நாளடைவில் மஞ்சளடிக்கும். பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், பின்பக்கம் பூச்சி நுழையாமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று, படத்தைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.