சிறுநீரில் கடும் இரத்தப்போக்கு: தமனி அடைப்புச் சிகிச்சை

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று நலமடைந்த சிலருக்கு, பல ஆண்டுகள் கடந்த பின்பும் சிறுநீர் திடீரெனச் சிவந்து வெளியேறுவதுண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்ற ஆண்களுக்கும் இது நேரலாம். பழைய நோய் திரும்பிவிட்டது என்றே குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். எப்போதும் அவ்வாறன்று, கதிர்வீச்சினால் நலிந்த சிறுநீர்ப்பையின் உட்புறத்தில் மெல்லிய இரத்த நாளங்கள் தோன்றி உடைவதும் காரணமாகலாம். எது காரணம் என்பதைப் பரிசோதித்த பின்னரே கூற இயலும்.

முதலில் குழாய் பொருத்தி, இரத்தக் கட்டிகளை அகற்றி, உப்புநீரால் சிறுநீர்ப்பையைத் தொடர்ந்து கழுவுகிறோம். உள்நோக்கி வழியே கசியும் இடங்களைச் சுட்டு அடைப்பதும் உண்டு. இவற்றையும் மீறி, ஏற்றும் இரத்தமெல்லாம் வீணாகும் நிலையில்தான் தமனி அடைப்புச் சிகிச்சையை நாடுகிறோம்.

ஆஞ்சியோ அறைக்கு அழைத்துச் செல்கிறோம் என்றவுடன், “இதயத்தில் என்ன கோளாறு?” என்று வினவாத உறவினர் அரிது. அறை அதுவே, பாதை வேறு. தொடை இடுக்கில் மரப்பு ஊசி போட்டு, அங்குள்ள தமனி வழியே சுமார் 2 மி.மீ. பருமனுள்ள குழாயைச் செலுத்துகிறோம். அதனுள் 1 மி.மீட்டருக்கும் குறைந்த நுண்குழாயை நுழைத்து, சிறுநீர்ப்பைக்குச் செல்லும் கிளையைத் தேடுகிறோம். இத்தேடலே பணியின் பெரும்பகுதி. அக்கிளை எல்லோருக்கும் ஒரே இடத்தில் பிரிவதில்லை; பிட்டத்திற்குச் செல்லும் கிளையில் துகள்கள் தவறிப் புகுந்தால் தசை பாதிக்கப்படும். சரியான கிளை உறுதியான பின்பே, அரை மில்லிமீட்டர் அளவிலான துகள்களால் அதனை அடைக்கிறோம். இருபுறமிருந்தும் இரத்தம் வருவதால், பெரும்பாலும் இருபக்கமும் அடைக்க நேர்கிறது. அண்டை நாளங்கள் ஓரளவு இரத்தம் அளிப்பதால் சிறுநீர்ப்பை பிழைத்துக்கொள்கிறது. மிக அரிதாக அதன் சுவர் சிதைவதுமுண்டு. அதே அண்டை நாளங்களால் இரத்தப்போக்கு மீளவும் கூடும். அப்போது மறுமுறை செய்யலாம்.

பின்னர்ச் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருத்தல் வேண்டும். அடிவயிற்று வலியும் இலேசான காய்ச்சலும் சில நாள்கள் இருக்கலாம். கால் குளிர்ந்தாலோ மரத்தாலோ, துளையிட்ட இடம் வீங்கினாலோ உடனே செவிலியரிடம் கூறுங்கள்.

வரும்போது பழைய கதிர்வீச்சுச் சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டுவாருங்கள். சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் இருக்க உட்கொள்ளும் மாத்திரைகள், மெட்ஃபார்மின் ஆகியவற்றை முன்னரே தெரிவியுங்கள்; எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டா.

கட்டி கட்டியாக இரத்தம் வந்து, பின்னர்ச் சிறுநீரே வராமல் நின்றால், குணமாகிவிட்டது என எண்ணிச் சிலர் உறங்கிவிடுகின்றனர். கட்டி பாதையை அடைத்திருக்கக்கூடும். விடியும்வரை காத்திராமல் அவ்விரவே மருத்துவமனைக்கு வாருங்கள்.