14 குறிகளில் ஒளிந்திருக்கும் சாகசம்

மாணவர்களே, தீபாவளிக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது என் மாமாவின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 14 குறிகள். படித்தால் எந்தப் பொருளும் விளங்கவில்லை. மாமாவைக் கேட்டேன். "அதுவா? நான் பல்லியாக இருந்த காலத்தில் எழுதியது!" என்று சிரித்தார்.

அவை 'வொண்டர் பாய் 3: தி டிராகன்ஸ் டிராப்' என்ற விளையாட்டின் கடவுச்சொற்கள். ஜப்பானின் வெஸ்டோன் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு, 1989-இல் செகா மாஸ்டர் சிஸ்டம் என்ற விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்தது. மேடைக்கு மேடை தாவி, எதிரிகளை வெட்டி முன்னேறும் விளையாட்டுதான் இது. ஆனாலும் இதில் பணம் சேர்க்கலாம். கடையில் வாளும் கேடயமும் கவசமும் வாங்கலாம். உயிரைக் காட்டும் இதயங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

தொடக்கத்திலேயே ஓர் இயந்திர டிராகனை வென்ற வீரன், அதன் சாபத்தால் பல்லி மனிதனாகிவிடுகிறான். பிறகு ஒவ்வொரு டிராகனை வெல்லும்போதும் எலி, பிரான்யா மீன், சிங்கம், பருந்து என உருமாறுகிறான். எலி, கட்டம் போட்ட சுவர்களில் ஒட்டி ஏறும். மீன், தண்ணீரில் தடையின்றி நீந்தும். பருந்து பறக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் அதன் உயிர் குறையும். ஒரே நாளில் ஆடி முடிப்பது எளிதன்று. ஆகவே, கருவியை அணைக்கும் முன் கடவுச்சொல்லை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விளையாட்டின் புதிய பதிப்பு 2017-இல் வெளிவந்தது. பழைய கடவுச்சொற்களையும் அது ஏற்றுக்கொள்ளும். மாமாவும் நானும் முதல் வரியைத் தட்டினோம். அவருடைய பல்லி மனிதன், அன்று சேர்த்த பணத்தோடு அப்படியே திரையில் வந்து நின்றான்! இரண்டாம் வரியைத் தட்டினோம். தவறு என்று வந்தது. மாமா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது 1 இல்லை, 7" என்றார். மாற்றியதும் வேலை செய்தது.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. ஒரு பெரிய சாகசம் 14 குறிகளுக்குள் எப்படி அடங்கியது? ஒரே ஓர் எண் மாறியதைக் கருவி எப்படிக் கண்டுகொண்டது?

எதை நினைவில் வைக்க வேண்டும்?

மாஸ்டர் சிஸ்டம் கருவியின் வேலை நினைவகம் 8 கிலோபைட் மட்டுமே. இன்று 8 கிகாபைட் நினைவகம் கொண்ட ஒரு கைப்பேசியில் அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகமான இடம் உள்ளது. அந்தச் சிறிய நினைவகமும் மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும்.

காட்டின் படம், இசை, எதிரிகளின் நடை ஆகியவற்றை நாம் எழுதி வைக்க வேண்டியதில்லை. அவை காட்ரிட்ஜ் சில்லில் எப்போதும் அழியாமல் இருக்கின்றன. ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் மாறுகின்ற செய்திகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். உங்களிடம் இந்த வாள் உள்ளதா? இல்லையா? இதற்கு விடை 1 அல்லது 0. இதுதான் ஒரு பிட். தகவலின் மிகச் சிறிய அளவு இதுவே.

இனி ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். (விளையாட்டின் உண்மையான அமைப்பு இதிலிருந்து வேறுபடலாம்.)

• வாங்கக்கூடிய பொருள்கள் 30 என்றால், ஒவ்வொன்றுக்கும் 1 பிட்: 30 பிட்.
• மனிதன், பல்லி, எலி, மீன், சிங்கம், பருந்து என 6 உருவங்கள். 2 பிட்டில் 4 நிலைகளைத்தான் குறிக்க முடியும். 3 பிட்டில் 8 நிலைகளைக் குறிக்கலாம். ஆகவே 3 பிட்.
• இதயங்களின் எண்ணிக்கை 15 வரை என்றால்: 4 பிட்.
• பணம் 999,999 வரை என்றால்: 20 பிட். ஏனெனில் 2-இன் 20-ஆம் அடுக்கு 1,048,576.

மொத்தம் 57 பிட். மாமாவின் பல நாள் உழைப்பு இவ்வளவுதான்!

பிட்டுகள் எழுத்துகளாவது எப்படி?

57 சுழியங்களையும் ஒன்றுகளையும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொன்னால் கண்ணும் கையும் சோர்ந்துவிடும். எனவே அவற்றை ஐந்து ஐந்தாகக் கட்டுகிறோம். 5 பிட்டில் 32 வகைகள் உண்டு. 32 குறிகள் கொண்ட பட்டியல் இருந்தால், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு குறி போதும்.

எடுத்துக்காட்டாக, 10110 என்ற கட்டின் மதிப்பு 16 + 4 + 2 = 22. பட்டியலில் 22 என்று எண்ணிடப்பட்ட குறியைத் திரையில் காட்டினால் முடிந்தது. திரும்பத் தட்டும்போது அதே குறி 22 ஆகி, மீண்டும் 10110 ஆகிவிடும்.

14 குறிகள் × 5 பிட் = 70 பிட். நமக்குத் தேவைப்பட்டது 57. மீதம் 13 பிட் இருக்கின்றன. இந்த மீதியில்தான் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது.

தவற்றைப் பிடிக்கும் எண்

3, 7, 2, 6 என்ற நான்கு எண்களை நண்பருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 18. அதன் கடைசி இலக்கமான 8-ஐயும் சேர்த்து 3 7 2 6 8 என்று அனுப்புங்கள். நண்பர் 7-ஐ 1 என்று படித்துவிட்டால், 3 + 1 + 2 + 6 = 12. கடைசி இலக்கம் 2. ஆனால் தாளில் இருப்பதோ 8. எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். இந்தக் கூடுதல் எண்ணைச் சரிபார்ப்பு எண் என்கிறோம். மாமாவின் 7 மாட்டிக்கொண்டதும் இத்தகைய ஒரு சோதனையில்தான்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. 3 7 என்பதை 7 3 என்று மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 18-தான். இதைத் தவிர்க்க, எண்களை வரிசையாக 1, 3, 1, 3 ஆகியவற்றால் பெருக்கிய பிறகு கூட்டலாம். 3 7 2 6 என்பதற்கு 3 + 21 + 2 + 18 = 44. இடம் மாறிய 7 3 2 6 என்பதற்கு 7 + 9 + 2 + 18 = 36. கடைசி இலக்கம் 4-லிருந்து 6-ஆக மாறிவிட்டது, தவறு பிடிபட்டது.

விளையாட்டில் மீதமிருந்த 13 பிட்டில் 8-ஐச் சரிபார்ப்புக்கு ஒதுக்கினால் 256 வகை விடைகள் கிடைக்கும். மனம்போன போக்கில் ஒரு கடவுச்சொல்லைத் தட்டினால், அது தற்செயலாகச் சரியாகிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 256-இல் 1 மட்டுமே.

இது விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்து, வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆகியவையும் சரிபார்ப்புக்காகவே உள்ளன. அங்கே ஓர் எண் பிசகினால் பல்லி மனிதன் தொலைவதோடு போகாது. வேறொருவரின் பணமோ பதிவோ குழம்பிவிடும்.

மின்கலமா, காகிதமா?

அதே காலத்தில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' போன்ற சில விளையாட்டுகள் வேறு வழியைக் கையாண்டன. காட்ரிட்ஜுக்குள்ளேயே பொத்தான் வடிவ லித்தியம் மின்கலத்தை வைத்தார்கள். கருவியை அணைத்த பிறகும் அது நினைவகத்துக்குச் சிறிதளவு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். எழுதி வைக்கும் தொல்லை இல்லை. ஆனால் மின்கலத்துக்கு ஆயுள் உண்டு. அது தீர்ந்தால் சேமித்த ஆட்டமும் போய்விடும்.

மாமாவின் பென்சில் வரிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. தகவல் வேறு, அதைத் தாங்கும் பொருள் வேறு என்பதற்கு இது நல்ல சான்று. அதே 70 பிட்டுகள் சில்லில் மின்னழுத்தமாக இருந்தன; திரையில் ஒளியாகத் தெரிந்தன; தாளில் கரிக்கோடாகத் தங்கின; இறுதியில் ஒரு புதிய கருவியில் மீண்டும் மின்னழுத்தமாயின. பொருள் மூன்று முறை மாறியும் தகவல் மாறவில்லை. உங்கள் கைப்பேசிப் படங்களைக் காப்பாற்ற நினைத்தாலும் இதையே நினைவில் கொள்ளுங்கள்: கருவி ஒருநாள் கெடும், கெடுவதற்கு முன் தகவலை வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பாடநூலின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க நூல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3... ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். விடை 10-இன் மடங்காக வருகிறதா?

2. ஏதேனும் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டு மீண்டும் கூட்டுங்கள். என்ன ஆகிறது?

3. அடுத்தடுத்து உள்ள 2, 7 ஆகிய இலக்கங்களை இடம் மாற்றினால் இந்த முறையால் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஏன்? இப்படித் தப்பிக்கும் வேறு இலக்க இணைகள் எவை? (குறிப்பு: இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கவனியுங்கள்.)