எண்ணும் நிபந்தனையும்: பழைய அமெரிக்கக் கார்புரேட்டர்களின் காற்றோட்ட மதிப்பு

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஓர் அளவைச் சொல்லும்போது எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது இயற்பியல் ஆய்வகத்தில் முதல் நாளே நமக்குக் கற்பிக்கப்படும் பாடமாகும். ஆனால் எண்ணும் அலகும் மட்டும் இருந்தால் போதுமா? எந்த நிலைமையில் அளந்தோம் என்பதையும் சொல்லாவிட்டால், சரியான அளவே நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றுவிடும். இதற்கு நான் கண்ட சிறந்த எடுத்துக்காட்டு, பழைய அமெரிக்கக் கார்களின் கார்புரேட்டர். 1990-களின் தொடக்கத்தோடு அந்நாட்டுப் புதிய கார்களிலிருந்து இக்கருவி மறைந்துவிட்டது. எனினும் பழைய கார்களைப் பேணிக் காப்போர் இன்றும் அதன் எண்களைத் தேடிப் படிக்கின்றனர்.

கார்புரேட்டரின் வேலை

எஞ்சின் உறிஞ்சும் காற்று, கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே செல்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பெர்னூலி 1738-இல் வெளியிட்ட தத்துவமும், இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797-இல் விளக்கிய குறுகிய குழாயின் இயல்பும் இங்கே ஒன்றுசேர்கின்றன. தொண்டையில் அழுத்தம் குறைவதால், கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தம் நுண்துளை வழியே தள்ளிக் காற்றோடு கலக்கச் செய்கிறது.

அமெரிக்க வி-8 எஞ்சின்களின் கார்புரேட்டரில் பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு குழல்கள் இருக்கும். நான்கு குழல்கள் இருப்பின், இரண்டு எப்போதும் வேலை செய்யும். மற்ற இரண்டும் ஓட்டுநர் மிதியை நன்றாக அழுத்தும்போது மட்டும் திறக்கும். எல்லாம் முழுதாகத் திறந்த நிலையில் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று செல்லும் என்பதே அதன் காற்றோட்ட மதிப்பு. 600 என்றால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 17 கன மீட்டர். அதாவது ஒரு சிறிய அறை நிறையும் காற்று!

இரண்டு அளவுகோல்கள்

காற்று தானாகப் பாயாது. அழுத்த வேறுபாடு வேண்டும். எவ்வளவு வேறுபாடு? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நான்கு குழல் கார்புரேட்டர்களை 1.5 அங்குலப் பாதரச வேறுபாட்டிலும், ஒரு குழல், இரு குழல் கார்புரேட்டர்களை 3 அங்குலப் பாதரச வேறுபாட்டிலும் அளப்பது அமெரிக்கத் தொழில் வழக்கம். 3 அங்குலம் என்பது 76.2 மில்லிமீட்டர், வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. சிறிய கார்புரேட்டருக்குக் கீழே, முழுத் திறப்பின்போது அழுத்தம் அதிகமாகக் குறையும். பெரியதற்குக் கீழே அவ்வளவு குறையாது. ஆகவே இவ்விரு வழக்கங்களும் தம்மளவில் பொருத்தமானவையே. அவற்றை ஒப்பிடும்போதுதான் பிழை நேர்கிறது.

பாயும் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேறுபாடு இரு மடங்கானால் ஓட்டம் இரு மடங்காகாது, 1.414 மடங்கே ஆகும். எனவே 500 என்று குறிக்கப்பட்ட இரு குழல் கார்புரேட்டரை நான்கு குழல் அளவுகோலுக்கு மாற்ற 1.414-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 354.

எஞ்சின் கேட்பது எவ்வளவு?

நான்கு வீச்சு எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் உறிஞ்சுகிறது. ஒரு கன அடி 1728 கன அங்குலம். அதன் இரு மடங்கு 3456. ஆகவே எஞ்சினின் கன அங்குலத்தை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் தேவைப்படும் காற்று கிடைக்கும். உருளைகள் முழுமையாக நிரம்புவதில்லையாதலால், நிரம்பும் திறனாலும் பெருக்க வேண்டும்.

1965-ஆம் ஆண்டின் ஃபோர்டு முஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அதன் 289 கன அங்குல எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்று சுழல்வதாகவும், நிரம்பும் திறன் 85 விழுக்காடு எனவும் கொண்டால், தேவை ஏறத்தாழ 426 கன அடி. நான்கு குழல் கொண்ட வகைக்கு ஃபோர்டு பொருத்திய ஆட்டோலைட் 4100 கார்புரேட்டரின் மதிப்பு 480. போதுமானது. இதைக் கழற்றிவிட்டு, 500 என்பது 480-ஐவிடப் பெரிது என்று எண்ணி இரு குழல் கார்புரேட்டரை ஒருவர் வாங்கிப் பொருத்துவாராயின், அவர் உண்மையில் பெற்றது 354 தான்.

அப்படியானால் எஞ்சின் நின்றுவிடுமா? நில்லாது. நான் மேற்சொன்ன வர்க்கமூல விதியையே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 426 கன அடியை இழுக்க, முந்தைய கார்புரேட்டருக்குச் சுமார் 1.2 அங்குல வேறுபாடு போதும். பிந்தையதற்குச் சுமார் 2.2 அங்குலம் வேண்டும். வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 30 அங்குலம். ஆகவே உருளைக்குள் சேரும் காற்றில் முப்பதில் ஒரு பங்கு குறையலாம். உச்ச வேகத்தில் அந்த அளவுக்கு ஆற்றல் குறையும். பணம் கொடுத்து வாங்கியது முன்னேற்றமன்று, பின்னேற்றமே!

உடலில் உள்ள எழுத்தைப் படித்தல்

பெரும்பாலான பழைய கார்புரேட்டர்களில் காற்றோட்ட மதிப்பு நேராக எழுதப்பட்டிருக்காது. அடையாள எண்ணைக் கண்டு, தயாரிப்பாளர் அட்டவணையில் தேட வேண்டும்.

ஹாலி: மேற்புறக் காற்று வாயில் ‘லிஸ்ட்’ என்ற சொல்லோடு எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1850 எனில் 600 கன அடி. 3310 எனில் தொடக்கக் காலத்தவை 780, பிற்காலத்தவை 750. எனவே எண்ணுக்குப் பின்வரும் சிறு இலக்கத்தையும் விடாமல் படிக்க வேண்டும்.

ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்: 1965-இல் வந்தது. ஓட்டுநர் பக்கத்து உடலில் எண் செங்குத்தாக இருக்கும். 1975 வரை 70 என்றும், 1976 முதல் 170 என்றும் தொடங்கும். பெரும்பாலானவை 750, சில 800.

கார்ட்டர் ஏ.எஃப்.பி.: அடித்தட்டின் முன்விளிம்பில் எண் இருக்கும். மூடியின் திருகில் மாட்டிய சிறு தகடும் உண்டு. ஆனால் பழுது பார்த்தவர் கைகளில் அத்தகடு தொலைந்திருக்கக்கூடும்.

ஆட்டோலைட் 4100: தொண்டையின் விட்டமே அங்குலத்தில் உடலில் வார்க்கப்பட்டிருக்கும். 1.08 எனில் 480, 1.12 எனில் 600. ஃபோர்டு தகடு கிடைத்தால் ஆண்டும் தெரியும்: முதலெழுத்து ‘சி’ 1960-களையும், அடுத்த இலக்கம் ஆண்டையும், மூன்றாம் எழுத்து கார் வகையையும் காட்டும். ‘இசட்’ என்பது முஸ்டாங்.

இந்த 4100-இல் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. இரு தொண்டைகளின் விட்ட வேறுபாடு ஒரே மில்லிமீட்டர். பரப்பு வேறுபாடு 7.5 விழுக்காடு. ஆனால் மதிப்போ 25 விழுக்காடு உயர்கிறது. ஏனெனில் கீழேயுள்ள திராட்டில் துளையும் 1 7/16 அங்குலத்திலிருந்து 1 9/16 அங்குலமாகப் பெரிதாகிறது. வெர்னியர் கொண்டு தொண்டையை மட்டும் அளந்து, விகித முறையில் மதிப்பைக் கணக்கிட்டால் பிழைபடும்.

பெரியது நல்லதா?

மதிப்பு என்பது மேல் எல்லையே. எஞ்சின் உறிஞ்சும் அளவன்று. 1966-இல் பான்டியாக் நிறுவனம் 230 கன அங்குல ஆறு உருளை எஞ்சினுக்குக் குவாட்ராஜெட்டைப் பொருத்தியது. 1970-இல் 455 கன அங்குல வி-8 எஞ்சினுக்கும் அதே வகையைப் பொருத்தியது. முதல் இரு குழல்கள் சிறியவை. பெரிய பின்குழல்களின் மேலுள்ள காற்று வால்வு, எஞ்சின் கேட்கும் அளவுக்கே திறக்கிறது. அதனால் ஒரே வகை இருவருக்கும் உதவிற்று. இத்தகைய ஏற்பாடில்லாத பெரிய கார்புரேட்டரைச் சிறிய எஞ்சினில் வைத்தால், குறைந்த வேகத்தில் தொண்டையில் காற்று மெதுவாகச் செல்லும், உறிஞ்சல் வலுவிழக்கும், பெட்ரோல் சரியாகக் கலவாது, கார் திணறும்.

முடிவுரை

ஆகவே, பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கையில் எடுப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இதன் அடையாள எண் யாது? அதற்குரிய மதிப்பு எவ்வளவு? அது எந்த அழுத்த வேறுபாட்டில் அளக்கப்பட்டது? என் எஞ்சினுக்கு வேண்டியது எவ்வளவு? இவற்றுள் மூன்றாவதே பலரும் கேட்க மறப்பது. நம் செய்முறை ஏடுகளில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஏன் எழுத வேண்டும் என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு, 354 ஆகிவிட்ட அந்த 500 தக்க விடை சொல்லும்.