தேரையின் தலை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

தேங்காயில் பருப்பில்லை என்றால் ‘தேரை மோந்தது’ என்று பழி சுமத்துவது நம் வழக்கம். அந்தத் தேரையின் தலை எத்தகைய மாற்றத்தைக் கடந்து உருவாகிறது என்று அறிந்தவர் அதை வெறுக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

நம் வீட்டோரங்களில் காணும் தேரையைப் பழைய நூல்கள் பூஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்று குறிக்கும். 2006-இல் பேரினப் பெயர் டுட்டாஃப்ரினஸ் என மாறியது. பெங்களூரில் பணியாற்றிய எல். எஸ். இராமசாமி 1936-இல் தேரைக் குடும்பத்தின் தலையமைப்பை ஆராய்ந்து எழுதியுள்ளார்.

மழைக்குப்பின் திருவரங்கத்தில் கொள்ளிடக் கரையோரக் குட்டைகளைப் பாருங்கள். கறுப்புத் தலைப்பிரட்டைகள் கூட்டமாய்த் திரியும். சிறுவர்கள் மீன்குஞ்சென்று புட்டியில் பிடிப்பார்கள். அவற்றின் மண்டை தொடக்கத்தில் முழுவதும் குருத்தெலும்பே. வாய் ஒரு சிறு துளை. நம் நகத்தைப் போன்ற கெரட்டினால் ஆன கறுத்த அலகு பாசியைச் சுரண்டும். கீழ்த்தாடை மிகச் சிறியது. தாடை மூட்டோ கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது!

மூளையை மூடும் எலும்புகள் முதலில் தோன்றுகின்றன. தாடை எலும்புகள் தாமதமாகவே வரும். காரணம் எளிது: சுரண்டித் தின்னும் வரை பழைய வாய் வேண்டும். பிறகு, குடியிருக்கும் வீட்டையே இடித்துக் கட்டுவது போல் வேலை நடக்கிறது. அலகு உதிர்கிறது. தாடையைத் தாங்கி முன்னோக்கிப் படுத்திருந்த குருத்தெலும்பு பின்னோக்கித் திரும்புகிறது. மூட்டு கண்ணைத் தாண்டிக் காதுப்பக்கம் போய்ச் சேர்கிறது, கீழ்த்தாடை நீள்கிறது, வாய் அகல்கிறது. அந்நாள்களில் பிராணி உண்பதில்லை. தன் வாலைக் கரைத்தே பிழைக்கிறது. பாசி தின்றது பூச்சி பிடிக்கும் பிராணியாகிவிடுகிறது.

வளர்ந்த தவளைக்கு மேல்தாடையில் நுண்ணிய பற்கள் உண்டு. தேரைக்கோ பல்லே கிடையாது. கண்ணுக்கு மேலுள்ள கறுத்த எலும்பு மேடுகள் தேரையின் அடையாளம். இரண்டுக்கும் பொதுவான விந்தை கண்குழியில் இருக்கிறது: அதற்கு எலும்பாலான அடித்தளம் இல்லை. கண்ணுக்கும் வாய்க்கும் இடையே மெல்லிய தசையும் தோலுமே. ஆகவே விழுங்கும்போது கண்கள் கீழிறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன.

2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு பிராணிகளை அறுக்கும் பயிற்சியைக் கைவிடச் சொன்னது. அறுத்துப் பார்க்காமல் என்ன படிப்பு என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. அறுத்த தவளை விழுங்கிக் காட்டாது. மழை இரவில் விடுதி விளக்கின்கீழ் ஈசல் தின்னும் தேரையருகே சற்றுநேரம் நின்றால் போதும்: ஈசலை விழுங்குகையில் இரண்டு கண்களும் தலைக்குள் அமிழ்ந்து எழும்.