கழிமுகச் சதுப்பில் முதலையைக் காணலும் படமெடுத்தலும்

ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாடா மாவட்டத்தில், பிராமணி, வைதரணி ஆகிய ஆறுகள் வங்கக் கடலைச் சேரும் இடத்தில் பிதர்கனிகா என்னும் அலையாத்திக் காடு பரந்து கிடக்கின்றது. 1975-இல் சரணாலயமாகவும் 1998-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்ற இப்பகுதி, 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் இங்கு அருகிப்போயிருந்த உவர்நீர் முதலையைப் பெருக்கும் பொருட்டு, 1975-இல் டாங்மால் என்னுமிடத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கச் செய்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டனர். அண்மைக் கணக்கெடுப்புகளில் 1,700-க்கு மேற்பட்ட முதலைகள் எண்ணப்பட்டுள்ளன. அங்ஙனமிருந்தும், விசைப்படகில் விரைந்து சென்று திரும்புவோர் பலர் காண்பது சேற்றில் இழுபட்ட தடத்தையும் நீரில் எழும் சுழியையுமே. அவர்கள் சென்ற நேரமும் சென்ற முறையுமே இதற்குக் காரணம்.

இக்காட்டில் கைக்கடிகாரத்தைக் காட்டிலும் கடல் ஓதமே நமக்கு வழிகாட்டி. ஒரு நீர்வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். எனவே, வற்றும் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு நீர் வற்றுமாயின், மூன்றாம் நாள் கழித்து 9½ மணியளவில் வற்றும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த நாளே நமக்கு உகந்தது. முதலை தன் உடலில் தானே போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத விலங்கு. குளிர்ந்த இரவுக்குப் பின், சேற்றுக்கரை வெளிப்பட்டு வெயிலும் ஏறிய வேளையில், அது கரையேறிக் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். உண்ட இரை செரிப்பதற்கும் இவ்வெப்பம் தேவை. நாம் அதை நீரில் இறங்கச் செய்தால், நம் படம் கெடுவதோடு அதன் ஒரு நாளைய வெப்பமும் கெடுகின்றது.

ஆகவே, தொலைவிலேயே எந்திரத்தை நிறுத்தி, நீரோட்டத்தோடு படகை மிதக்கவிட வேண்டும். முதலையை நோக்கி நேராகச் செல்லாது, கடந்து போவார்போல் சாய்வாகச் செல்க. கிடந்த முதலை தலையைத் தூக்கினால் அதுவே எல்லை. நீர்ப்பக்கம் உடலைத் திருப்பினால் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று பொருள். பின்வாங்குவதே முறை. படகிலிருந்து கையை நீரில் இடுதலும், படத்துக்காகச் சேற்றுக்கரையில் இறங்குதலும் உயிருக்கே கேடு.

ஒளியைப் பற்றி ஒரு சொல். ஈரச் சேறு வெயிலில் கண்ணாடிபோல் மின்னும். காமிராவின் ஒளிமானி அம்மினுக்கத்தால் ஏமாந்து, முதலையை வெறுங் கரிய கட்டையாக்கிவிடும். இங்கு ஒளியளவைச் சற்றுக் கூட்டுக. இருண்ட மரச்செறிவின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கோ இதற்கு நேர்மாறாகக் குறைத்தல் வேண்டும்; இல்லையேல் இறகின் விவரம் யாவும் வெளிறிப்போகும். இதைப் பழக ஒடிசாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆசிரியர்கள் ஊர்க்குளத்துக் கொக்கைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கலாம்.

படம் அழகாயிருத்தல் நன்று; பயன்பட வேண்டுமாயின், பக்கவாட்டில் முழு உடலும் அமைதல் அதனினும் நன்று. தலை மட்டும் தெரியின், முகவாய் நுனியிலிருந்து மண்டையின் பின்விளிம்பு வரையுள்ள நீளத்தை மதிப்பிட்டு ஏழால் பெருக்க, மொத்த நீளம் உத்தேசமாகக் கிடைக்கும். அருகே அளவு தெரிந்த பறவை ஏதேனும் நின்றால் அதையும் படத்துக்குள் கொணர்க. அழகை நாடுவோர் அதை இடையூறென்று விலக்குவர். கள ஊழியருக்கோ அது இலவசமாகக் கிடைத்த அளவுகோல். நாள், மணி, ஓதநிலை, ஓடையின் பெயர் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்க. ஆற்றங்கரை மக்கள் முதலையால் தாக்குண்டு இறந்த நிகழ்ச்சிகள் இங்கு உண்டு. குளிக்கும் துறைகளுக்கு வேலியிடப்படுவதும் அதன் பொருட்டே. எத்துறையருகில் எந்த அளவுள்ள முதலை எப்போது கிடந்தது என்னும் குறிப்பு, அவ்வேலி எங்கே வேண்டுமென முடிவு செய்ய உதவும்.

இரவில் கைவிளக்கொளி படும்போது முதலையின் கண்கள் செந்தணலாக ஒளிரும். அவ்வொளியைக் கொண்டு எண்ணலாம், அளவு கூறலாகாது. அளவு தெரியாதவற்றை 'கண் மட்டும்' என்று தனியே எழுதுக. நெருங்கிப் பளிச்சிடும் விளக்கால் படமெடுத்தல் வேண்டா.

கூட்டை மட்டும் எவ்வகையிலும் படமெடுக்க முயலுதல் ஆகாது. இலைதழைகளைக் குவித்து முட்டையிட்ட பெண் முதலை அருகிலேயே காவல் கிடக்கும். அதை விலக்கினால் நீருடும்புக்கு வழி திறந்ததாகும். இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்வதால், பின்னர் முட்டையைப் புரட்டினால் கரு மடியும். மே முதல் ஜூலை வரை பூங்கா பார்வையாளருக்கு மூடப்படுவது இதற்காகவே. பணி நிமித்தம் அக்காலத்தில் உட்செல்லும் ஊழியர், கூடுள்ள இடத்தைப் பதிவேட்டில் மட்டும் குறிக்க வேண்டும். கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்புத் தானே பதிவாகும் என்பதை மறவாது, அதை முன்னதாகவே நிறுத்திவைத்தல் வேண்டும்.