ஃபீஸைக் கேட்கும் முன்: டிரேட்மார்க் வக்கீல் பற்றி வாசகர் கேள்விகள்

தொழிலின் பெயர், லோகோ, கண்டுபிடிப்பு ஆகியவற்றைப் பாதுகாக்க யாரை அணுகுவது என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: ஆறு வருடமாக வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, மசாலா, ஊறுகாய் செய்து விற்கிறேன். இப்போது மளிகைக் கடைகளுக்கும் போகிறது. பெயரை டிரேட்மார்க் செய்ய விசாரித்தபோது ஒரு ஆன்லைன் நிறுவனம் ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. எங்கள் ஆடிட்டர், "நானே போட்டுவிடுகிறேன்" என்கிறார். கோவையில் ஒரு வக்கீல் பன்னிரண்டாயிரம் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: எந்தத் தொகையில் எதெல்லாம் அடங்கும் என்று முதலில் மூவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுக் கட்டணம் யாரிடம் போனாலும் ஒன்றுதான். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊறுகாய் 29-ஆவது வகுப்பு. பொடி, மசாலா வகைகள் 30-ஆவது. இரண்டுக்கும் சேர்த்து உங்களுக்கு 9,000 ரூபாய் அரசுக்கே போய்விடும். "ஆயிரம் ரூபாய்" என்பது இதற்கு மேல் வரும் சேவைக் கட்டணமாகத்தான் இருக்கும். வக்கீல் சொன்ன பன்னிரண்டாயிரத்தில் இந்த 9,000 சேர்த்தியா, தனியா என்று கேட்டால் கணக்கே மாறலாம்.

அடுத்து, யார் போடலாம்? நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் சார்பில் என்றால் வழக்கறிஞர், பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட், உங்களிடம் மட்டுமே முழுநேரம் வேலை செய்யும் ஊழியர் ஆகிய மூவருக்குத்தான் சட்டம் அனுமதி தருகிறது. ஆடிட்டர் டிரேட்மார்க் ஏஜென்டாகப் பதிவு செய்திருக்கிறாரா, இல்லை வேறு ஒருவர் மூலம் போடப்போகிறாரா என்று கேளுங்கள். ஆன்லைன் நிறுவனமானால் பவர் பத்திரத்தில் எந்த வக்கீலின் பெயர் வரும், அவரிடம் நேரில் பேச முடியுமா என்று கேளுங்கள். ஏஜென்ட், டிரேட்மார்க் பதிவு அலுவலகத்தில் உங்களுக்காக வாதாடலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் வக்கீல்தான் வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்புவது சிறிய வேலை. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதற்குத்தான் வக்கீல். பெயர் உங்கள் பெயரில் வேண்டுமா, கணவரோடு சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் பெயரிலா? எந்தத் தேதியிலிருந்து விற்கிறீர்கள், அதற்கு பில் இருக்கிறதா? நாளைக்கு எண்ணெயோ, சிற்றுண்டிக் கடையோ ஆரம்பிக்கும் எண்ணம் உண்டா? இதையெல்லாம் கேட்காமல் ஆதாரையும் லோகோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் யோசியுங்கள். ஆறு வருடம் விற்றிருக்கும்போது "இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறேன்" என்று விண்ணப்பத்தில் டிக் அடித்துவிட்டால், அந்த ஆறு வருட உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். முன்தேதியைக் கோர வேண்டுமானால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் பெயர் எந்த மாதிரி பெயர் என்பதையும் வக்கீல் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பொருளின் குணத்தையே சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். கிடைத்தாலும் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். நூடுல்ஸில் "மேஜிக் மசாலா" என்று விற்ற ஐ.டி.சி., "மேஜிக்கல் மசாலா" என்று விற்ற நெஸ்லே மீது 2013-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்தச் சொற்கள் தொழிலில் பொதுவானவை, யாருக்கும் தனிச்சொத்து ஆகாது என்று 2020-இல் வழக்குத் தள்ளுபடியானது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. "வீட்டுச் சுவை", "பாட்டி கைமணம்" போன்ற பெயரைக் கொண்டு போனால், "வேறு பெயர் யோசியுங்கள்" என்று சொல்லும் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கேள்வி: மற்ற தொழில்காரர்கள் மாதிரி வக்கீல்கள் விளம்பரம் செய்வதில்லை. கூகுளில் தேடினால் "டாப் டென்" பட்டியல்தான் வருகிறது. நல்ல டிரேட்மார்க் வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
- பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. பெயர், முகவரி, பதிவு எண், எந்தத் துறை போன்ற விவரங்களை மட்டும் இணையதளத்தில் போட்டுக்கொள்ள 2008-இல் அனுமதித்தார்கள். ஆன்லைன் தளங்கள் வழியே வழக்குப் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. அதனால் நட்சத்திர மதிப்பீட்டையும் பட்டியலையும் ஒதுக்கி வையுங்கள். டிரேட்மார்க் துறையில் ஒரு வசதி உண்டு: வக்கீலின் வேலையை நீங்களே படித்துப் பார்க்கலாம்.

பதிவு அலுவலகம் வெளியிடும் டிரேட்மார்க் ஜர்னலை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆயத்த ஆடைக்கு 25-ஆவது வகுப்பு. அந்தப் பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு லோகோவின் கீழும் விண்ணப்ப எண், தேதி, உரிமையாளர், அவருக்காக ஆஜராகும் வக்கீல் அல்லது ஏஜென்ட் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். திருப்பூர், கோவைக்காரர்களின் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த விண்ணப்ப எண்களை அலுவலகத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் போடுங்கள். ஆட்சேபம் எழுப்பிய பரிசோதனை அறிக்கை, அதற்கு வக்கீல் கொடுத்த பதில் இரண்டும் அங்கே கிடைக்கும். பதிலைப் படியுங்கள். எல்லா விண்ணப்பத்துக்கும் அதே நான்கு பத்தி, கட்சிக்காரர் பெயர் மட்டும் மாறியிருக்கிறதா? இல்லை, "அந்தக் குறி சோப்புக்கு, இது பனியனுக்கு, உச்சரிப்பு வேறு, நாங்கள் இத்தனை வருடமாக விற்கிறோம், இதோ இன்வாய்ஸ்" என்று ஆட்சேபத்தில் காட்டிய குறியை நேருக்கு நேர் எடுத்துப் பேசியிருக்கிறாரா? பத்துப் பதில்கள் படித்தால் உங்களுக்கே ஆள் தெரிந்துவிடும்.

கோர்ட் அனுபவத்துக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். ஏற்றுமதி செய்பவர் என்பதால் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள்: "மாட்ரிட் முறையில் விண்ணப்பித்திருக்கிறீர்களா?" இந்தியா 2013-இல் சேர்ந்த இந்த ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். ஆனால் முதல் ஐந்து வருடத்துக்குள் உங்கள் இந்திய விண்ணப்பம் விழுந்தால் வெளிநாட்டுப் பதிவும் கூடவே விழும். இந்த ஆபத்தை நீங்கள் கேட்காமலே அவர் சொல்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஹோட்டல் பெயர் ஜர்னலில் வந்தது. இப்போது ஒரு பெரிய உணவு நிறுவனம் எதிர்ப்பு மனு போட்டிருக்கிறது. விண்ணப்பம் போட்டுத் தந்த ஆன்லைன் நிறுவனம், "அது எங்கள் பேக்கேஜில் வராது" என்கிறது. அவ்வளவு பெரிய ஆளோடு மோத முடியுமா?
- ஹோட்டல் உரிமையாளர், மதுரை

பதில்: மோதுவதைப் பிறகு பார்ப்போம், முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜர்னலில் வந்த நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பதில் மனு போட வேண்டும்; ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். இந்தக் கெடு நீளாது. தவறினால் விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகக் கணக்கு. நோட்டீஸ் உங்களுக்கு வந்திருக்காது, பவர் பத்திரத்தில் இருப்பவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். அது எந்தத் தேதி என்று இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். புது வக்கீலுக்குப் புது பவர் பத்திரம் கொடுத்துக் கோப்பை மாற்றிக்கொள்ளலாம்.

எதிர்ப்பு வழக்கு என்பது சிறு கோர்ட் வழக்கு மாதிரிதான். இரு தரப்பும் சாட்சியப் பிரமாணப் பத்திரம் போட்டு, விசாரணை நடந்து, தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். முன்பு அதற்கென்று தனி வாரியம் இருந்தது. 2021-இல் அதைக் கலைத்ததால் இப்போது உயர் நீதிமன்றம். எனவே பாரம் நிரப்பியே பழகியவர் இதற்குப் போதாது.

பெரிய ஆள் என்று பயந்துவிடாதீர்கள். கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் "நந்தினி" என்ற பெயரில் பால் விற்கிறது. 1989-இல் தொடங்கிய பெங்களூரு ஹோட்டல் ஒன்று "நந்தினி" பெயரைப் பதியப் போனபோது கூட்டமைப்பு எதிர்த்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஹோட்டல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாலும் பால் பொருள்களும் மட்டும் அந்தப் பதிவில் சேராது. ஆனால் அது பல வருடப் போராட்டம். உங்கள் பட்டியலிலிருந்து எந்தப் பொருளை விட்டுக்கொடுத்தால் எதிரி சமரசத்துக்கு வருவார் என்று முதல் சந்திப்பிலேயே யோசிக்கும் வக்கீலைப் பிடியுங்கள்.

கேள்வி: 1978-இல் அப்பா தொடங்கிய காராச்சேவு கடை. பெயரை நாங்கள் பதியவில்லை. போன வருடம் பெரியப்பா மகன் அதே பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டு எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எங்கள் குடும்ப வக்கீல், "பதிவு அவரிடம் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்.
- வாசகர், விருதுநகர்

பதில்: அந்தக் கருத்தை அப்படியே ஏற்க வேண்டாம். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயருக்காக நடந்த வழக்கில், எதிராளியிடமும் பதிவு இருந்தது. ஆனாலும் முன்பிருந்தே பெயரைப் பயன்படுத்தி வந்தவருக்கே மேலான உரிமை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆவது பிரிவும் முன்பே பயன்படுத்தியவரைக் காக்கிறது. அவருடைய பதிவை ரத்து செய்யவும் மனு போடலாம். தெரிந்தும் தொடர்ந்து ஐந்து வருடம் சும்மா இருந்தால்தான் உரிமை கையை விட்டுப் போகும் அபாயம்.

உங்கள் வழக்கு ஆதாரத்தில்தான் நிற்கிறது. பழைய விற்பனை வரிப் பதிவு, நகராட்சி லைசென்ஸ், சிவகாசியில் லேபிள் அச்சடித்த பிரஸ் பில், கோவில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நல்ல வக்கீல் ஒவ்வொரு தாளையும் புரட்டி, "இதில் கடைப் பெயர் எங்கே? இந்த வருடம் அப்பா தனியாக நடத்தினாரா, பெரியப்பாவும் பங்குதாரரா?" என்று குடைவார். அந்தக் கேள்விதான் எதிர்த் தரப்பிலிருந்தும் வரும். குடும்ப வக்கீல் இந்தப் பெயர் விஷயத்தில் பெரியப்பா தரப்புக்கு ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருந்தால் உங்களுக்கு ஆஜராகக் கூடாது. அதையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தேங்காய் உரிக்கும் இயந்திரம் ஒன்றைப் புதிதாக வடிவமைத்திருக்கிறேன். பேட்டென்ட், பெயர், லோகோ மூன்றையும் ஒரே வக்கீலிடம் கொடுக்கலாமா?
- இன்ஜினியர், பொள்ளாச்சி

பதில்: ஒரே அலுவலகத்தில் கொடுக்கலாம், ஒரே ஆளே எழுதுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பேட்டென்ட் ஏஜென்ட் ஆக அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் அதற்கென்று உள்ள தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். உங்கள் இயந்திரத்தின் உரிமைக்கோரலை எழுதப்போகும் நபர் மெக்கானிக்கல் படித்தவரா என்று கேளுங்கள். விண்ணப்பிப்பதற்கு முன் கொடிசியா கண்காட்சியில் ஸ்டால் போட்டோ, யூடியூபில் வீடியோ விட்டோ காட்டிவிடாதீர்கள், புதுமை போய்விடும். அவசரம் என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம்.

லோகோவை வெளியாள் வரைந்திருந்தால், பணம் கொடுத்ததாலேயே பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களுக்கு வந்துவிடாது. அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் என்கிறது சட்டம். "லோகோ யார் வரைந்தது?" என்று கேட்காத டிரேட்மார்க் வக்கீல் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

மத்திய அரசின் டி.பி.ஐ.ஐ.டி. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால், அரசுப் பட்டியலில் உள்ள உதவியாளரின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: "கோவில்பட்டி கடலை மிட்டாய்" என்று என் கம்பெனி பெயரில் டிரேட்மார்க் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம். அது 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர்; தனி ஒருவருக்குச் சொந்தமாகாது. நீங்கள் அந்தப் பகுதியில் உரிய முறைப்படி தயாரிப்பவர் என்றால், சென்னையில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் "அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்" ஆகப் பதிவு செய்துகொள்ளலாம். டிரேட்மார்க்குக்கு உங்கள் கடையின் தனிப்பெயரைக் கொண்டு போங்கள்.

கேள்வி: மூன்றே மாதத்தில் நூறு சதவீதம் பதிவு உத்தரவாதம், பதிவானால் விற்பனையில் பங்கு தந்தால் போதும் என்கிறார் ஒரு வக்கீல். இப்போதே பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் "ஆர்" போட்டுக்கொள்ளவும் சொல்கிறார்.
- வாசகி, சேலம்

பதில்: மூன்றும் தவறு. ஜர்னலில் வந்த பிறகு எதிர்ப்புக்கே நான்கு மாதம் விட வேண்டும். மூன்று மாதத்தில் எப்படிப் பதிவாகும்? வழக்கின் பலனில் பங்கு பேசிக்கொள்ள வக்கீலுக்கு பார் கவுன்சில் விதி இடம் தராது. பதிவாவதற்கு முன் வட்ட "ஆர்" போடுவது சட்ட விரோதம். போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள், அவர் இல்லை. இப்போதைக்கு "டிஎம்" போடலாம்.

யாரிடம் போனாலும் விண்ணப்ப நகல், பவர் பத்திர நகல், அரசுக் கட்டண ரசீது, விண்ணப்ப எண் நான்கையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஸ்டேட்டஸை நீங்களே பாருங்கள். ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல ஒரு மாதம்தான் அவகாசம். பதிவான பிறகு விண்ணப்பத் தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதை நினைவுபடுத்துவது யார் பொறுப்பு என்று ஃபீஸ் பேசும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.